நகைக்க வைத்தவருக்கு ஓர் அழுகை

நகைச்சுவை நடிகர் ஒருவர் மறைந்தார் என்று கேட்டு ஒருவர் விம்மி அழுவாராயின், அவரைப் பார்த்து நகைப்போர் நம்மிடையே பலர் உளர். "உற்றாரா, உறவினரா? கண்ணால் ஒருமுறையேனும் கண்டதுண்டா?" என்பது அவர்கள் வினா. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினை எண்ணப் புகுந்தபோது நகையை முதலிலும், அதனை அடுத்து அழுகையையும் வைத்தார். இரண்டும் அடுத்தடுத்த வீட்டார் என்பதை அப்பெரியார் அறிந்திருந்தார் போலும்! புறத்திணையிலே கையறுநிலை என்றொரு துறை உண்டு. வள்ளல் மாண்டபின், அவனால் வாழ்ந்த பாணரும் புலவரும் செயலற்று நின்று புலம்புவது அது. இக்காலத்தில் மகிழ்வித்தவன் மாள, மகிழ்ந்தவர் கையற்று நிற்கின்றனர். கடன்பட்டவர் யார் என்பது மட்டுமே மாறியிருக்கின்றது.

2021 ஆம் ஆண்டு ஏப்ரல் 17 ஆம் நாள், சனிக்கிழமை. சித்திரைப் புத்தாண்டு பிறந்து மூன்று நாள்களே சென்றிருந்தன. அன்று விடியற்காலையில் நடிகர் விவேக் சென்னையிலே தமது 59 ஆவது வயதில் காலமானார். திருகோணமலையிலிருந்து நிலாவெளி வீதியால் வடக்கே செல்வோர் உப்புவெளியைக் கடந்ததும் காணும் ஊர், எங்கள் சாம்பல்தீவு. பனைகளும் களப்பும் கடற்காற்றும் உள்ள அவ்வூரிலே என் சின்ன மாமா தனித்து வாழ்கின்றார். செய்தி கேட்டு அவர் திண்ணையில் அமர்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார் என்று அயலவர் ஒருவர் எனக்குத் தொலைபேசியிற் கூறினார். கூறியவர் குரலிற் சிறிது சிரிப்பும் இருந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கி வந்தபோது மாமியை அது கொண்டுபோயிற்று. அன்று மாமா அழவில்லை. அந்தியேட்டி அன்றும் அழவில்லை. கல்லாகிவிட்டார் என்றே சுற்றத்தார் பேசிக்கொண்டனர். நான் சென்று அருகில் அமர்ந்தேன். ஆறுதல் மொழி எதுவும் கூறவில்லை. நெடுநேரங் கழித்து அவரே பேசினார்.

"உன் மாமி போனபோது அழ நேரம் எங்கே கிடைத்தது, தம்பி? கையில் இரண்டு பிள்ளைகள். அலைச் சத்தம் கேட்டாலே அலறுவார்கள். ஒருநாள் இரவு தொலைக்காட்சியில் விவேக் வந்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். தாய் போன பிறகு அன்றைக்குத்தான் முதன்முதல் சிரித்தார்கள்."

அதன்மேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. துயருற்றோர் வீட்டுக்குச் செல்வோர் பலர் பேச்சை மூட்டையாகக் கட்டிக்கொண்டு செல்கின்றனர். பாயில் பக்கத்தே இருந்து தேநீர் பருகிவிட்டு வருவதற்கு நம்மவரில் எத்தனை பேருக்குப் பொறுமை உண்டு?

துக்கத்தோடு வேறொன்றும் அந்த வீட்டுக்குள் நுழைந்தது. விவேக் இறப்பதற்கு இரண்டு நாள் முன்னர்தான் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையிலே கொவிட் தடுப்பூசி ஏற்றிக்கொண்டார். மக்களையும் ஏற்றிக்கொள்ளுமாறு வேண்டினார். மறுநாள் மாரடைப்பு. ஊசியே கொன்றது என்னும் வதந்தி கடல் தாண்டி எங்கள் களப்போரம் வரையும் வந்துவிட்டது. இதயத்தின் இடப்புறத்து இரத்தக் குழாயொன்று முற்றாக அடைபட்டிருந்ததென்றும், அவ்வடைப்பு ஒரே நாளில் உண்டாவதன்று என்றும் வைத்தியர்கள் அன்றே விளக்கினர். அவ்வாண்டு ஒக்டோபரில் இந்திய அரசின் ஆய்வுக் குழுவும் இறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றே கூறியது. ஆயினும் வதந்திக்கு இருக்கும் கால்கள் விளக்கத்துக்கு இல்லை. எங்கள் பகுதிக்குத் தடுப்பூசி வந்தபோது மாமா, "அவரையே கொண்டுபோனது எனக்கு வேண்டாம்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். நீரிழிவும் உடைய முதியவர். வீட்டார் அனைவரும் அஞ்சினோம்.

எங்கள் பகுதிக் குடும்பநல மருத்துவமாது கெட்டிக்காரி. அவர் வாதாடவில்லை. திண்ணையில் அமர்ந்து, "ஐயா, 'திருநெல்வேலி' படத்தில் அந்த லொறிக் காட்சி நினைவிருக்கிறதா?" என்று கேட்டார். 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த படம் அது. இத்தனை இயந்திர உறுப்புகள் சேர்ந்து ஓட்டும் வண்டியை எலுமிச்சம்பழம் ஓட்டுவதாக நம்பும் மடமையை விவேக் அதிலே கேலி செய்வார். மாமா அக்காட்சியை நடித்தே காட்டினார். நடிக்கையில் தம்மை மறந்து சிரித்துவிட்டார். "அப்படிப்பட்டவரின் பெயராலேயா இந்தக் கதையை நம்புகிறீர்கள்?" என்றார் அந்த அம்மையார். அடுத்த வாரம் மாமா சட்டை மாற்றிக்கொண்டு வரிசையிற் போய் நின்றார்.

மூடநம்பிக்கையைச் சிரிப்பாற் சாடியமையாலன்றோ அவரைச் சின்னக் கலைவாணர் என்றனர்! 1957 இல் மறைந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் வழி அது.

இவ்விடத்தில் ஒன்று சொல்லிவைக்கலாம். நெஞ்சை அழுத்தும் நோவு, இடக் கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமற்ற வியர்வை ஆகியவற்றை வாய்வு என்று எண்ணி இஞ்சிச் சாறு பருகிக் காத்திருப்போர் நம் ஊர்களில் நிறைய உண்டு. நீரிழிவு உள்ளோருக்கு வலியே தெரியாமலும் மாரடைப்பு வரக்கூடும். 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் கட்டணமின்றி அம்புலன்ஸ் வண்டி வரும். மாமாவின் தொலைபேசியில் அந்த இலக்கத்தை நானே பதிந்து கொடுத்திருக்கின்றேன்.

விவேக் 2015 இல் தம் இளம் மகனை இழந்தவர். அதன் பின்னரும் பிறரைச் சிரிக்க வைத்தார். அப்துல் கலாமின் தூண்டுதலால் தாம் மேற்கொண்ட மரநடுகையையும் விடவில்லை. ஒரு கோடி மரம் அவர் குறிக்கோள். முப்பது இலட்சத்துக்கு மேல் நட்டிருந்த நிலையில் ஆயுள் முடிந்தது. தமிழ்நாட்டில் அன்பர் பலர் அவர் நினைவாகக் கன்றுகள் நட்டனர். அதைக் கேள்வியுற்று மாமாவும் கிணற்றடியில் ஒரு வேப்பங்கன்று வைத்தார். மூன்றாம் நாள் அயல்வீட்டு ஆடு அதைத் தின்றுவிட்டது. ஆட்டுக்காரரோடு சண்டையா என்று கேட்டேன். "சண்டை எதற்கு? விவேக் இருந்தால் இந்த ஆட்டை வைத்தே ஒரு காட்சி எடுத்திருப்பார்" என்று சொல்லிவிட்டு, இரண்டாவது கன்றைச் சுற்றிப் பனைமட்டை வரிந்து கட்டத் தொடங்கினார்.