பாட்டுக்கு வாடகை

சென்ற மாதம் 17ஆம் திகதிக்குள் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. இணையத்தில் பாட்டுக் கேட்பதற்காக நான் கட்டிவரும் மாதச் சந்தாவை நிறுத்துவதா, தொடர்வதா? சேவையின் பெயர் இங்கே தேவையில்லை. எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தாம். தொகையும் பெரிதல்ல. கொள்ளுப்பிட்டியில் இரண்டு சோற்றுப் பார்சல் வாங்கினால் தீர்ந்துவிடும் பணம். ஆனால் 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டி ஏறியதிலிருந்து, வீட்டுக் கணக்கை அச்சுப்பிரதி திருத்துவதுபோல் பேனையும் கையுமாக வாசிக்கும் பழக்கம் என்னிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

உடனடிக் காரணம் பணமல்ல. அம்மா இரவில் கேட்பதற்காக நான் தொகுத்து வைத்திருந்த பட்டியலில் நான்கு பாடல்கள் ஒருநாள் சாம்பல் நிறமாகிவிட்டன. பெயர் இருக்கிறது, தொட்டால் பாடவில்லை. உரிமையாளருக்கும் சேவைக்கும் இடையில் ஒப்பந்தம் முடிந்தால் இப்படித்தான் நேரும். எச்.எம்.வி. இசைத்தட்டுகளின் வாரிசான சரிகம நிறுவனம் 2019இல் இந்தியாவில் தன் பாடல்களை ஸ்பொட்டிபையிலிருந்து விலக்கிக்கொண்டதும், 2020இல் உடன்பாடு கண்டு திரும்பி வந்ததும் செய்தியாகவே வெளிவந்தவை. நாம் கட்டுவது பாட்டின் விலையல்ல, வாடகை. வீட்டுக்காரர் பூட்டை மாற்றினால் குடியிருப்பவருக்குச் சொல்லிவிட்டா மாற்றுவார்?

அப்படியானால் சொந்தமாக வாங்கி வைப்பதுதானே புத்திசாலித்தனம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இந்த இடத்தில்தான் என் கணக்கு இடறுகிறது. ஏனெனில் நான் ஒருகாலத்தில் பாட்டுகளைச் சொந்தமாக வைத்திருந்தவன்.

எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் ஒலிப்பதிவு நிலையங்கள் இருந்தன. ஒரு கொப்பித் தாளில் பாட்டுகளின் பெயர்களை எழுதி, வெற்றுக் கசெற்றோடு கொடுத்துவிட்டு வர வேண்டும். சில நாள் கழித்துப் போனால் பதிந்து தருவார்கள். அறுபது நிமிடக் கசெற்றில் ஒரு பக்கத்துக்கு ஆறு அல்லது ஏழு பாட்டுத்தான் கொள்ளும். ஏழாவதாக எதை எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்ததுண்டு. இன்று கோடிக்கணக்கான பாட்டுகள் விரல் நுனியில் இருந்தும் அந்த யோசனை வருவதில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் மின்சாரம் போயிற்று, பற்றரியும் அரும்பொருளாயிற்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்டோம். சுற்றுபவன் கை சோர்ந்தால் சுசீலாவின் குரலும் இழுபடும். உடனே எல்லாரும் சுற்றுபவனைத் திட்டுவார்கள். பாட்டுக்கு விலை கொடுப்பது என்றால் என்ன என்பதை நான் வங்கி அட்டையால் அறிந்துகொள்ளவில்லை, தோள்வலியால் அறிந்தேன்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழுந்து நடந்தது. இரண்டு பிஸ்கட் பெட்டி நிறைந்த கசெற்றுகள் அலுமாரியின் மேல் இருந்தன. அம்மாவை ஏற்றிய சைக்கிளில் அவற்றுக்கு இடமில்லை. பின்னர் திரும்பிப் போனபோது அலுமாரியே இல்லை. அன்று சொந்தமும் வாடகையும் எனக்கு ஒன்றாகிவிட்டன. வெறுங்கையோடு ஓடினாலும் கூடவே வரக்கூடிய முதல் பாட்டுச் சேமிப்பு இந்தச் சந்தாதான் என்பதை எப்படி மறுப்பேன்?

அது நிற்க. என் பணம் எங்கே போகிறது என்பதும் ஒரு கேள்வி. நான் கேட்ட பாடகருக்கு அது நேரே போவதில்லை. பெரும்பாலான சேவைகளில் எல்லாருடைய பணமும் ஒரே குளத்தில் விழுகிறது. மொத்தக் கேட்பில் யாருக்கு எத்தனை பங்கு என்று பார்த்து உரிமையாளர்களுக்குப் பிரிக்கிறார்கள். அம்மா ஜிக்கியைக் கேட்டாலும், பங்கில் பெரும்பகுதி உலகம் கேட்கும் புதுப்பாட்டுகளுக்கே. இதற்கும் மேலாக, பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் தடவை கேட்கப்படாத பாட்டுக்கு ஒரு சதமும் இல்லை என்று ஸ்பொட்டிபை 2024இல் விதி கொண்டுவந்தது. சினிமாப் பாட்டுக்கு ஆயிரம் ஒரு பொருட்டல்ல. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்றோரின் பெயர்பெற்ற பொப்பிசைப் பாடல்கள் எப்படியோ தப்பும். எழுபதுகளில் இலங்கை வானொலிக்காக நம்மவர்கள் பாடிய மெல்லிசைப் பாடல்களின் கதி வேறு. பல பாடல்களை இந்தச் சேவைகளில் தேடினால் அகப்படவே அகப்படா; அகப்பட்டாலும் ஆயிரத்துக்கு எங்கே போவது?

இத்தனையையும் யோசித்தபின் நிறுத்திவிடலாம் என்றே தீர்மானித்தேன். இலவசமாகவும் கேட்கலாம், நடுவில் விளம்பரம் வரும், அவ்வளவுதான். விளம்பரம் நமக்குப் புதிதா என்ன? 1950இல் தொடங்கிய வர்த்தக சேவை விளம்பரத்தில்தானே வாழ்ந்தது? வானொலிப் பெட்டிக்கு அஞ்சலகத்தில் அனுமதிப்பத்திரக் கட்டணமும் கட்டி, அந்த விளம்பரங்களையும் மனப்பாடம் செய்த தலைமுறை நாம். கே.எஸ். ராஜா ஒரு புடைவைக் கடையின் பெயரைச் சொன்னாலும் அது பாட்டுத்தான்.

பரீட்சார்த்தமாக மனைவியின் கைத்தொலைபேசியில் இலவசக் கணக்கொன்றைத் திறந்து அம்மாவின் கட்டிலருகே வைத்தேன். இரண்டு பாட்டு முடிந்ததும் சிங்களத்தில் ஒரு விளம்பரம் வந்தது. அம்மா கண்ணைத் திறந்தார்.

“இப்பவாவது ஒரு ஆள் கதைக்குதே” என்றார். அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது.

மூன்று ஆண்டுகளாகச் சந்தா கட்டி நான் அகற்றி வைத்திருந்தது விளம்பரத்தை மட்டுமல்ல என்பது அப்போதுதான் உறைத்தது. “பொங்கும் பூம்புனல்”, “நீங்கள் கேட்டவை”, “இரவின் மடியில்” என்று வாழ்ந்தவருக்கு, ஆள் அரவமில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக வரும் பாட்டுகள் ஆளில்லாத வீட்டில் எரியும் விளக்குப்போல் இருந்திருக்கின்றன. படம் எது, பாடியவர் யார், யார் யார் விரும்பிக் கேட்டார்கள் என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

அன்றிரவு நானே சொல்லிப் பார்த்தேன். முதலில் வெட்கமாக இருந்தது. முப்பது ஆண்டு பத்திரிகையில் எழுதியவனுக்கு ஒலிவாங்கி இல்லாமலே நாக்கு உலர்ந்தது. ஆனால் நான் வைத்திருந்த இலவசக் கணக்கில் பாட்டுகள் தாம் நினைத்த வரிசையில் வந்தன. அடுத்து எது வரும் என்று அறிவிப்பாளருக்கே தெரியாவிட்டால் எப்படி அறிவிப்பது?

17ஆம் திகதி வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. பணம் கழிந்திருந்தது. பட்டியலிலுள்ள பாட்டுகளின் பெயர்களை, சாம்பலாகிப்போன நான்கையும் சேர்த்து, ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். பூட்டு மாறினாலும் பெயராவது இருக்கட்டும். இரவு ஒன்பதுக்குக் கரையோர ரயிலின் சத்தம் அடங்கியபின் எங்கள் ஒலிபரப்புத் தொடங்கும். நேயர் ஒருவர். முந்தாநாள் ஒரு பாட்டைப் பாடியவர் பி. சுசீலா என்று அறிவித்துவிட்டேன். பாட்டு முடியும்வரை அம்மா பொறுத்திருந்தார்.

“அது ஜிக்கி. ராஜேஸ்வரி சண்முகமெண்டால் இப்பிடிப் பிழை விடமாட்டா.”

கொப்பியில் திருத்திக்கொண்டேன்.