காதில் விழுந்த புதுமைப்பித்தன்

சிரிப்பு என்பது துன்பம் நீங்கிய இடத்தில் பிறப்பது என்பர். துன்பத்தின் நடுவே நின்று, முகத்தில் அசைவு காட்டாமல் பிறரைச் சிரிக்க வைக்கும் கலையும் ஒன்று உண்டு. தமிழ் உரைநடையில் அக்கலையில் தலைநின்றவர் புதுமைப்பித்தன். இளமையில் நூலகத்தில் அறிமுகமான அவரை, நாற்பது வயதைக் கடந்தபின் நான் மீண்டும் சந்தித்தது, பாறசாலையிலிருந்து திருவனந்தபுரத்து அலுவலகத்திற்குச் செல்லும் காலை ரயிலில்; கைப்பேசியில் தற்செயலாகக் கிடைத்த ஒரு கதை ஒலித்தொடரில். 'பாட்காஸ்ட்' என்று இக்காலத்தார் வழங்குவது அதனையே. அவர் 1948இல் மறைந்ததும் அதே திருவனந்தபுரத்தில்தான். 2002இல் தமிழ்நாடு அரசு அவர் படைப்புகளை நாட்டுடைமையாக்கியமையால், விரும்பியவர் எவரும் அவற்றைப் படித்துப் பதிவு செய்ய இயல்கிறது.

முதலில் கேட்டது 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. சென்னைத் தெருவுக்கு வந்த கடவுள் காப்பி குடிக்கிறார். பிள்ளையின் வீட்டில் விருந்தினராகிறார். உலகையே ஆட்டுவிப்பவர் ஒரு செல்வர்முன் ஆடிக்காட்டியும் தேறாமல் திரும்புகிறார். அன்று மாலையே அதனை வீட்டுத் திண்ணையில் ஒலிக்கச் செய்தேன்.

அதற்குக் காரணம் உண்டு. 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கொல்லயிலில் உள்ள எங்கள் வீட்டில் பேச்சு தமிழ். பிள்ளைகளின் பள்ளி மலையாளம். என் தாயார் எந்த எழுத்தும் கல்லாதவர். வில்லுப்பாட்டைக் கேட்டே கதையறிந்தவர். என் மகளோ மலையாள எழுத்து மட்டும் கற்றவள். புதுமைப்பித்தனின் நூல் அலமாரியில் இருந்தும், இருவருக்கும் அது பூட்டிய பெட்டியே. அன்று பாட்டியும் பேத்தியும் ஒரே இடத்தில் சிரித்தனர்.

மறுவாரம் 'மனித யந்திரம்' கேட்டோம். ஸ்டோர் குமாஸ்தா ஒருவர் கடைப் பணத்தை எடுத்துக்கொண்டு கொழும்புக்கு ஓடத் துணிகிறார், ரயிலும் ஏறுகிறார், பின் இறங்கி வந்து பணத்தை வைத்துவிட்டு, செலவான சில்லறையைத் தம் பற்றிலேயே எழுதிக்கொள்கிறார்.

"பணமும் கிட்டி, வண்டியும் ஏறியாச்சு; பின்னே எதுக்குப்பா திரும்பி வந்தாரு?" என்றாள் மகள்.

நான் வாய் திறக்குமுன் தாயார் சொன்னார்: "கணக்கு எழுதிப் பழகின கை மக்களே, வேற என்ன செய்யும்?"

இருபது ஆண்டுகளாகக் கோப்புகளில் குறிப்பெழுதிவரும் எனக்கு அச்சொல் சுருக்கென்றது. மகள் என் கையைப் பார்த்தாள். மூவரும் சிரித்தோம், என் சிரிப்பு மட்டும் சற்றுத் தாமதமாக வந்தது. நேர்மையா, அச்சமா, பழக்கமா என்று பிரித்தறிய முடியாத ஒன்றையன்றோ ஆசிரியர் அக்குமாஸ்தாவின் கைக்குள் வைத்திருக்கிறார்!

ஒலித்தொடருக்குக் குறைகளும் உண்டு. படிப்பவர் தாமே சிரித்துவிட்டால் புதுமைப்பித்தனின் எள்ளல் உயிரிழந்துவிடும். கணக்கு வாசிப்பது போன்ற குரலே அதற்குப் பொருந்தும். மேலும், பிறர் தேர்ந்து படித்ததைத்தான் நாம் கேட்க முடியும். படிக்காமல் விட்ட கதை எழுத்தறியாதவருக்கு இல்லாத கதையே. எனவே எல்லையூர்ச் சங்கங்கள் இரண்டு பணிகளை மேற்கொள்ளுதல் நன்று: நம் ஊர்க் குரல்களில் நல்ல கதைகளைப் பதிவு செய்தல், விடுமுறை நாள்களில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துகளைக் கற்பித்தல். காது திறந்துவிட்ட கதவு அது. கண்ணும் அதன் வழியே நுழையட்டும்.