ஊருக்கு வரும்போது எந்தத் துப்பாக்கி?

தமிழாசிரியர்களுக்குத் துப்பாக்கி என்னும் சொல் ஒரு செல்லத் தொல்லை. வான்சிறப்பு அதிகாரத்தின் இரண்டாம் குறளை நடத்தும்போது வகுப்பில் சிரிப்பு எழாத ஆண்டே கிடையாது. அங்கே அச்சொல்லுக்கு 'உணவை உண்டாக்கி' என்று பொருள். உண்பவர்க்கு உணவை ஆக்கித் தந்து, தானும் உணவாகும் மழையைப் பற்றிய குறள் அது. இன்று நாம் சொல்லும் துப்பாக்கியோ துருக்கிய மொழியிலிருந்து வந்து தமிழில் கால்கொண்ட சொல். இரண்டுக்கும் ஓசையில் மட்டுமே உறவு என்று விளக்கிவிட்டு அடுத்த குறளுக்குப் போய்விடுவது என் வழக்கம். உறவு ஓசையோடு முடிகிறதா என்று நின்று யோசிக்கும்படி இந்த ஆண்டு ஒரு கேள்வி வந்து சேர்ந்தது.

கேட்டவர் என் அத்தான். அக்காளும் அவரும் டெக்சாஸில் குடியேறிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. அடுத்த கோயில் கொடைக்குப் பிள்ளைகளோடு ஊர் வருவதாகத் திட்டம். "மாப்பிளே, பயலுக்குப் பதினாறு வயசாச்சு. நம்ம மலையில ஒரு பன்னி வேட்டைக்குக் கூட்டிட்டுப் போகணும்னு ஆசை. எந்தத் துப்பாக்கி தோதுப்படும்? இங்கேருந்து கொண்டு வரலாமா, அங்கயே யார்கிட்டயாவது கிடைக்குமா?" என்றார். கூடவே மூன்று ரைஃபிள்களின் படங்களையும் அனுப்பி வைத்தார்.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் அவருடைய இடத்தில் நின்று பார்க்க வேண்டும். டெக்சாஸில் காட்டுப்பன்றி வேட்டை சட்டத்துக்குப் புறம்பானதன்று. 2019ஆம் ஆண்டு முதல், நில உரிமையாளரின் ஒப்புதல் இருந்தால் தனியார் நிலத்தில் பன்றி சுடுவதற்கு வேட்டை உரிமம்கூடத் தேவையில்லை. தகப்பனும் மகனும் விடியற்காலையில் புறப்பட்டுப் போய்ச் சுட்டு வருவது அங்கே ஒரு குடும்ப வழக்கம். அதையே பிறந்த மண்ணிலும் செய்து பார்க்க ஒருவர் விரும்புவதில் என்ன வியப்பு? தவிரவும், அவர் எங்கள் வீட்டில் பெண்ணெடுத்த காலத்தில் பாட்டாவின் துப்பாக்கிக் கதைகளைக் கேட்டவர்.

பாட்டாவிடம் இருந்தது பன்னிரண்டு துளை இரட்டைக்குழல் துப்பாக்கி. பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் பெற்றது. அரங்கு வீட்டின் சுவரில், பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் தொங்கும். தேர்தல் அறிவித்தால் அதைக் காவல் நிலையத்தில் கொண்டு ஒப்படைத்து, சீட்டு வாங்கி, எல்லாம் முடிந்தபின் மீட்டு வருவார். அந்த நடை ஒன்றே அதன் மிகப் பெரிய பயணமாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. பாட்டா காலமானபின் வாரிசாக உரிமம் கேட்க யாரும் முன்வரவில்லை. முறைப்படி ஒப்படைத்துவிட்டார்கள். சுவரில் இரண்டு ஆணிகள் மட்டும் நெடுநாள் இருந்தன.

அத்தானின் படங்களில் இருந்தவை அந்த வகைத் துப்பாக்கிகள் அல்ல. ரைஃபிளின் குழலுக்குள் சுருள் சுருளாக வரிகள் வெட்டப்பட்டிருக்கும். ஒற்றைக் குண்டு அவற்றில் சுழன்றபடி வெளியேறுவதால் நெடுந்தூரம் நேராகப் போகும். பாட்டாவின் துப்பாக்கிக்குக் குழல் வழுவழுப்பானது. தோட்டாவில் உள்ள ரவைகள் சிதறிப் பரவும். சிறு ரவைகள் இருநூறு முந்நூறு மீட்டருக்குள் வலுவிழந்து தரையில் விழுந்துவிடும். வேட்டை ரைஃபிளின் குண்டோ குறி தவறினால் மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் விழக்கூடியது. 2011 கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1111 பேர். தமிழகத்தில் சென்னைக்கு அடுத்தபடி நெருக்கம் மிகுந்த மாவட்டம் இதுதான். தடிக்காரன்கோணத்தில் நின்று சுட்ட குண்டு, ரப்பர் பால் எடுக்கப் போகிறவரையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையையும் தாண்டித்தான் எங்கேனும் விழ வேண்டும். டெக்சாஸின் வெட்டவெளிக்கு வகுத்த கருவி அது. பாட்டா வாழ்ந்த காலத்திலும் நம் ஊருக்கு அது பொருந்தியிருக்காது.

இனிச் சட்டம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி எந்தச் சுடுகருவிக்கும் உரிமம் வேண்டும். இருபத்தொரு வயது நிறையாதவருக்கு உரிமம் கிடையாது. மருமகனுக்கு இன்னும் ஐந்தாண்டு பாக்கி. உள்நாட்டில் வாங்குவதென்றாலும் விருப்பம்போல் வாங்க இயலாது. .303 போன்ற படைத்துறை அளவுகள் பொதுமக்களுக்கு விலக்கப்பட்டவை. அதனால்தான் இச்சாப்பூர் தொழிற்சாலை.315 என்ற அளவில் வேட்டை ரைஃபிள் செய்து விற்றது. குடகு நாட்டில் மட்டும் குடவர்களுக்கு ஆயுத உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. 2029 வரை அது நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அங்கே கைல்போது திருநாளில் துப்பாக்கிக்குப் பூச்சூட்டி வணங்குகிறார்கள். குளச்சல் போரில் 1741இல் ஒல்லாந்தரை வென்று, பிடிபட்ட டிலனாயைக் கொண்டே உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்த்த நாடு நம்முடையது. ஆயினும் துப்பாக்கி நம் வீடுகளில் தெய்வமானதில்லை. அது மண்வெட்டிக்கும் கடப்பாரைக்கும் பக்கத்தில் இருந்த பொருள்.

துப்பாக்கி கிடைத்தாலும் சுடுவதற்கு எதுவும் இல்லை என்பதுதான் பெரிய தடை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, சில விலங்குகளை உரிமம் பெற்று வேட்டையாட இடமிருந்தது. 1991இல் வந்த திருத்தம் அந்த வாயிலையும் அடைத்தது. கன்னியாகுமரி மலைக்காடுகளில் 402 சதுர கிலோமீட்டர் 2008இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு ஆண்டுகள் சிறை. 'போகட்டும், குளத்தில் நாலு தாராவாவது சுடலாமே' என்பாரும் உண்டு. சுசீந்திரம் தேரூர்க் குளங்களும் வேம்பனூர்க் குளமும் 2022 முதல் ராம்சார் பட்டியலில் இருக்கின்றன. காற்றுத் துப்பாக்கியால் அடித்தாலும் வேட்டை வேட்டைதான்.

இவற்றையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். அத்தான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அவனுக்கு நான் ஊருல எதைத்தான் காட்டது மாப்பிளே?" என்றார். துப்பாக்கியைப் பற்றிய கேள்வி இல்லை அது. பதினெட்டு ஆண்டு விலகியிருந்த ஒருவர், தன் மகன் மனத்தில் ஊரை ஊன்ற ஒரு கொம்பு தேடுகிறார். சட்டப் பிரிவுகளை அடுக்கி அதற்கு விடை சொல்ல முடியாது.

அன்றிரவு மாமாவைக் கூப்பிட்டேன். அம்மாவின் தம்பி. மலையடிவாரத்தில் மரச்சீனியும் ஏத்தன் வாழையும் போட்டிருக்கிறார். அமெரிக்காவிலிருந்து வருகிறவரின் ஆசையைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. "கொண்டு வரச் சொல்லு. போன வாரம் ஒரே ராத்திரியில இருநூறு மூடு மரச்சீனியைக் கிளறிப் போட்டுட்டு. தின்னதைவிட மறிச்சுப் போட்டதுதான் கூடுதல்" என்றார். அவருடைய குரலில் இருந்தது வேட்டை ஆசை இல்லை. உழைப்பு ஓர் இரவில் சேறாகிப் போனவனின் களைப்பு.

ஒரே பன்றி, ஒரே துப்பாக்கி. ஆனால் இரண்டு பேரின் விருப்பமும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை நம் பழைய இலக்கியம் அறிந்திருக்கிறது. புறநானூற்றில் வன்பரணர் பாடும் வல்வில் ஓரியின் அம்பு யானையை வீழ்த்தி, புலியைச் சாய்த்து, மானை உருட்டி, பன்றியைக் கொன்று, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. அத்தான் தேடும் ரைஃபிளுக்கு அதுவே முன்னோடி! அது வீரத்தின் வேட்டை. குறிஞ்சித்திணையில் நாம் அதிகம் காண்பதோ வேறொன்று: காவல். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவி தட்டையும் தழலும் குளிரும் கையில் கொண்டு தினைப்புனத்தில் கிளி ஓட்டுகிறாள். மலைபடுகடாமில், விளைபுனத்தைப் பன்றி அழிக்கும் என்று அஞ்சி, அது நுழையும் வழிதோறும் கல்பொறி வைத்திருக்கிறார்கள். வழிப்போக்கர் பார்த்துப் போக வேண்டும் என்று கூத்தருக்கு எச்சரிக்கை சொல்லப்படுகிறது. மாமாவின் சிக்கலுக்கு இரண்டாயிரம் ஆண்டு வயது. பாட்டாவின் துப்பாக்கி ஓரியின் வில்லுக்கு வாரிசு இல்லை. தினைப்புனத்துத் தட்டைக்கு வாரிசு. அதன் உரிமத்திலேயே பயிர்ப் பாதுகாப்பு என்றுதானே எழுதியிருந்தது!

சட்டம் இவ்விரண்டையும் நெடுங்காலம் ஒரே கட்டில் கட்டி வைத்திருந்தது. அண்மையில்தான் முடிச்சு சற்றே தளர்ந்திருக்கிறது. எல்லைக்கு அப்பால் கேரளம் 2022இல், பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தது. உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களை அவர்கள் அமர்த்திக்கொள்ளலாம். தமிழக அரசு 2025இல் வேறு வகையாக வகுத்தது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்த பன்றியை வனத்துறையினர் மட்டும் சுடலாம். ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குள் எதுவும் செய்யக் கூடாது. மாமாவின் நிலம் அந்த ஒரு கிலோமீட்டருக்குள் கிடக்கிறது. அதிகம் இழப்பவனுக்கு அதில் வழியே இல்லை.

ஆனாலும் அந்த வரம்புக்கு ஒரு காரணம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. டெக்சாஸ் பன்றி வந்தேறி. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் அமெரிக்க மண்ணில் கொண்டு இறக்கிய வளர்ப்புப் பன்றிகளின் வழித்தோன்றல் அது. பின்னாளில் ஐரோப்பியக் காட்டுப்பன்றியின் கலப்பும் சேர்ந்தது. அந்த மண்ணின் உயிர்க்கணக்கில் அதற்கு இடமில்லை. நம் மலைப் பன்றி இந்த மண்ணின் குடி. புலிக்கும் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் இரை. காட்டின் விளிம்பில் கண்டபடி சுடத் தொடங்கினால், இரை குறைந்த சிறுத்தை ஊருக்குள் ஆட்டைத் தேடி வரும். துப்பாக்கி இல்லாத இடத்தில் மனிதன் கையாளும் மாற்று வழிகளும் நல்லவை அல்ல. மின்கம்பி போடுகிறார்கள், பழத்துக்குள் வெடிமருந்து வைத்து அவுட்டுக்காய் போடுகிறார்கள். 2020 மே மாதத்தில் பாலக்காடு மாவட்டத்தில் வாய் சிதைந்து, ஆற்றில் நின்றபடியே செத்துப்போன சூல்கொண்ட யானையை நாம் மறந்திருக்க மாட்டோம். பொறியில் அகப்படுவது பன்றியா யானையா என்று வெடிமருந்துக்குத் தெரியாது.

ஆகவே அத்தானுக்கு எழுதினேன். எந்தத் துப்பாக்கியும் வேண்டாம். வேட்டையைக் காட்ட வேண்டும் என்றால், நவராத்திரி முடிந்த விஜயதசமி அன்று வாருங்கள். அன்று குமரி பகவதி குதிரை வாகனத்தில் மகாதானபுரத்துக்குப் பரிவேட்டைக்குப் போவாள். பாணாசுரனை வதம் செய்து திரும்புவாள். நாஞ்சில் நாட்டில் இன்று கேள்வி கேட்பாரில்லாமல் நடக்கும் வேட்டை அது ஒன்றுதான். கொடைக்குத்தான் வர முடியும் என்றால், பையனுக்கு ஒரு நல்ல பைனாகுலரும் கனத்த டார்ச் விளக்கும் வாங்கி வாருங்கள். பகலில் தேரூர்க் குளக்கரையில் பறவை பார்க்கட்டும். இரண்டு இரவு மாமாவின் காவல்மாடத்தில் இருக்கட்டும். தகரத்தைத் தட்டி, கூவி, விளக்கடித்துப் பன்றியை விரட்டட்டும். எங்கள் பாட்டா செய்த வேலையில் பெரும்பகுதி அதுதான். துப்பாக்கி வெடித்த இரவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இருட்டில் மரச்சீனி இலை அசையும் ஓசையைக் கேட்டு, அது காற்றா பன்றியா என்று பிரித்தறியக் கற்றுக்கொண்டால், அவனுடைய பூட்டன் அவனுக்குக் கொஞ்சம் பிடிபடுவார்.

இதனால் மாமாவின் மரச்சீனி முழுவதும் தப்பிவிடும் என்று நான் நம்பவில்லை. இரண்டு இரவுக் காவல் ஓர் ஆண்டின் இழப்பை ஈடுகட்டாது. இழப்பீடு தாமதமின்றிக் கிடைப்பதும், காட்டு விளிம்பில் பயிர் செய்கிறவனின் சொல்லுக்கு ஒரு காது கிடைப்பதும் வேறு இடங்களில் நடக்க வேண்டியவை. ஆனால் ஊர் என்பது சுட்டு வீழ்த்தி எடுத்துச் செல்லும் பொருளன்று, இரவெல்லாம் விழித்திருந்து காக்கப்படுவது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தால் போதும் என்றே நினைக்கிறேன்.

மாமாவிடம் இந்த ஏற்பாட்டைச் சொன்னேன். துப்பாக்கி வரவில்லை என்பதில் அவருக்குச் சற்று ஏமாற்றம்தான். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "வரட்டு, நல்லதுதான். ராத்திரி ரெண்டு மணிக்கு உறங்காம இருப்பானான்னு மட்டும் கேட்டுச் சொல்லு" என்றார்.