புழுக்களின் மணவாழ்வு

ஹெவ்லொக் டவுனில் கால்வாய்க் கரைக் குடிசையொன்றின் வாசலில், யானைக்காலைச் சேலைக்குள் மறைத்து அமர்ந்திருக்கும் கிழவியொருத்தியை நாம் சிறுவயதிற் கண்டதுண்டு. முன்வினைப் பயன் என்றனர் அயலவர்.

அவ்வினையின் வரலாறு வேறு. இந்நோயை விளைவிக்கும் ஆண்புழு ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் நீளம். பெண்புழு அதனினும் இருமடங்கு. நிணநீர்க் குழாய்க்குள் இரண்டும் பின்னிப் பிணைந்து ஆண்டுக்கணக்கில் வாழும். ஆணைச் சேராத பெண் நுண்புழுக்களை ஈனாது. தனித்த ஆணும் சந்ததியின்றியே மடியும். (கற்புக்கு உவமை தேடும் பிரசங்கிகளின் கண்ணில் இஃது இன்னும் படவில்லை போலும்.)

நோயாளியின் குருதியிலிருந்து நுண்புழுவை எடுத்துச் செல்வது நுளம்பு. அதனுடலில் புழு வளருமேயன்றிப் பெருகாது. ஆதலால் ஆணும் பெண்ணும் ஒரே மனிதவுடலிற் சந்திக்கப் பற்பல கடிகள் வேண்டும். அத்தனை கடிகளையும் வாங்குபவர் யார்? வலைக்குள் உறங்கும் மாடிவீட்டாரா? அழுக்குநீர் தேங்கிய வடிகானோரம் படுப்பவரல்லவா இப்புழுக்களின் திருமணத்துக்கு மண்டபமாகிறார்!

2002 முதல் 2006 வரை எட்டு மாவட்டங்களில் ஆண்டுதோறும் மாத்திரை வழங்கப்பட்டது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் இந்நோய் இலங்கையில் ஒழிந்ததென 2016இல் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. பெருமைப்படத்தக்க செய்தியே. சென்ற மழை ஓய்ந்தபின் அக்கால்வாய்க் கரை வழியே பள்ளிக்கு நடந்தோம். வடிகானில் நுளம்புக் குடம்பிகள் துள்ளிக்கொண்டிருந்தன.