எழுந்திருக்கும் வித்தை

சென்னை வேப்பேரியில், 1903-ஆம் ஆண்டு சைதாப்பேட்டையில் தொடங்கப்பெற்றுப் பின்னர் அவ்விடம் வந்து சேர்ந்த கால்நடை மருத்துவக் கல்லூரியைத் தாண்டிச் சிறிது தூரம் நடந்தால், கால் தளர்ந்த நாய்களுக்குப் பயிற்சி வைத்தியம் செய்கிற சிறு கூடம் ஒன்று சந்துக்குள் இருக்கிறது. அங்கே நடைபெறும் தொழிலைப் பார்த்து எழுத வேண்டுமென்று பல நாளாக எண்ணியிருந்தேன். ஆயினும் நான் போன அன்று, எழுத்தாளன் என்கிற ஹோதாவைக் காட்டிலும், 12 வயதான என் லாப்ரடார் மணியை மாடிப்படியில் தூக்கி இறக்கி இடுப்பு ஒடிந்துபோன ஒரு கிருகஸ்தன் என்கிற ஹோதாவே மேலோங்கி நின்றது.

உள்ளே நுழைந்ததும் மணியை மேஜைமேல் ஏற்றிச் சோதிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அவ்விடத்து உதவியாளர், தலை நரைத்த, அதிகம் பேசாத மனிதர், அதைப் பாயில் படுக்கவிட்டுவிட்டுத் தம் காரியத்தைப் பார்க்கப் போய்விட்டார். அரைமணி கழித்து வந்து, எதிர் மூலையில் குந்தி, "வாடா ராஜா!" என்று கூப்பிட்டார். மணி முன்னங்கால்களை ஊன்றித் தன் உடலை இழுத்துக்கொண்டு எழுந்தது. பின்னங்கால்கள் சற்று வழுக்கின. நாலைந்து அடி விறைப்பாக வைத்து, பிறகு ஒன்றும் நடவாதது போல வாலை ஆட்டிக்கொண்டு போயிற்று.

"பாத்தீங்களா சார்? பின்னங்கால் வேலைக்கே வரலை. பத்தடி நடந்ததும் சரியாப் போயிடுது. நீங்களும் வயசாயிடுச்சு, தூக்கக் கலக்கம்னு விட்டிருப்பீங்க" என்றார். இரண்டு வருஷமாக நான் வீட்டில் சொல்லிவந்த சமாதானத்தை அப்படியே ஒப்பித்துவிட்டார். பின்பு தோளையும் தொடையையும் இரு கைகளாலும் பற்றிப் பார்த்தார். தோள் கல்லாக இறுகியிருந்தது, தொடை சூம்பியிருந்தது. பாரத்தை முன்னுக்குத் தள்ளித் தள்ளியே அந்தப் பிராணி காலம் கழித்திருக்கிறது என்பதை அவருடைய விரல்கள் எனக்கு முன்பாகவே வாசித்துவிட்டன.

காரணத்தை அக்கூடத்து டாக்டர் அம்மாள் விளக்கினார். எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாதாகையால், அது தேய்ந்தால் தானாக வளர்ந்து மூடுவதென்பது அநேகமாக இல்லை. தேய்ந்த மூட்டு வலிக்கிறது. வலிக்கிற காலை நாய் ஊன்றுவதில்லை. ஊன்றாத காலில் தசை க்ஷீணிக்கிறது. தசையின் பலம் போன மூட்டு மேலும் ஆட்டங்கொண்டு மேலும் தேய்கிறது. லாப்ரடார், அல்சேஷன் போன்ற பெரிய ஜாதிகளில் இடுப்புக் கிண்ணம் குட்டியாக வளரும்போதே சரியாகப் பொருந்தாமல் போவதும் உண்டு. இந்தச் சக்கரத்தை முற்றிலும் நிறுத்த உபாயமில்லை. அதன் வேகத்தைக் குறைப்பதே தங்கள் தொழில் என்றார் அவர்.

அச்சமயத்தில், என் முழங்கால் வலிக்காக நான் விழுங்கும் மாத்திரையில் பாதியை மணிக்கும் கொடுக்கலாமா என்று, மிகுந்த சாமர்த்தியசாலியாக என்னை எண்ணிக்கொண்டு, கேட்டேன். அந்த அம்மாளின் முகம் மாறிவிட்டது. மனிதர் தின்னும் ஐபுப்ரோஃபென் போன்ற மருந்துகள் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும் என்று சொல்லி, ஓர் உயிருக்கு ஒத்தது மற்றோர் உயிருக்கு விஷமாவதற்குத் திருஷ்டாந்தமாகக் கழுகுகளின் கதையைச் சொன்னார்: டைக்ளோஃபினாக் கொடுக்கப்பட்ட மாடுகளின் பிணத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலற்று லட்சக்கணக்கில் மடிந்த பிறகே, 2006-இல் நம் தேசத்தில் கால்நடைகளுக்கு அம்மருந்து விலக்கப்பட்டது. நாய்க்கென்று கார்ப்ரோஃபென், மெலாக்ஸிகாம் முதலியவை இருக்கின்றன. அவற்றையும் ரத்தம் பரிசோதித்து, எடை பார்த்து, வைத்தியர் சொல்லும் அளவில்தான் தரவேண்டும். நான் மாத்திரைப் பட்டையைச் சட்டைப் பைக்குள் ஆழமாகத் தள்ளினேன்.

எடை பார்த்தார்கள்: 38 கிலோ. உதவியாளர் என் கையைப் பிடித்து மணியின் விலாவில் வைத்து, "எலும்பு தட்டுப்படுதா சார்?" என்று கேட்டார். அழுத்தித் தேடினேன், கொழுப்புத்தான் தட்டுப்பட்டது. மிச்சமான சோற்றையும் தயிரையும் மாலை நேரத்து பிஸ்கோத்துகளையும் அன்பென்று எண்ணிப் போட்டுவந்தவன் நான்தான். அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை, ஒரே ஈற்றில் பிறந்தவை ஜோடியாகுமாறு ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாக ஆயுள் முழுதும் ஆகாரம் கொடுத்துப் பார்த்தார்களாம். 2002-இல் வெளியான முடிவின்படி, நிறையத் தின்றவற்றின் நடுமட்ட ஆயுள் 11.2 ஆண்டு, குறைவாகத் தின்றவற்றுக்கு 13 ஆண்டு. மூட்டு நோயும் பின்னவற்றுக்குத் தாமதித்தே வந்தது. "எந்த மருந்தும் இதுக்கு ஈடில்லை" என்றார் டாக்டர் அம்மாள்.

கூடத்தின் பின்கட்டில் கண்ணாடித் தொட்டி ஒன்று. அதன் தரையே மெல்ல நகரும் பட்டை. வெதுவெதுப்பான நீர் இடுப்பளவு ஏறியதும், கால்கள் சுமக்கும் பாரம் உடலெடையில் ஏறக்குறைய 38 சதவீதமாகக் குறைந்துவிடுகிறது. நீர் முழங்காலளவே நின்றால் 85 சதவீதம் சுமக்க வேண்டும். ஆகையால் நீர்மட்டத்தை ஏற்றி இறக்குவதே அங்கு மருந்தின் அளவைக் கூட்டிக் குறைப்பது போன்ற காரியம். தொட்டிக்குள் நாயோடு தாமும் இறங்கி, நனைந்த உடையோடு குனிந்து, ஒவ்வோர் அடிக்கும் பின்னங்காலைச் சரியான இடத்தில் எடுத்து வைக்கிற பெண்மணி, ஒரு நாளில் எத்தனை முறை குனிகிறார் என்று எண்ணிப் பார்த்துப் பாதியிலே விட்டுவிட்டேன். "உங்களுக்கு முதுகு வலிக்காதா அம்மா?" என்றேன். "வலிக்கும் சார். ஆனா நான் வலிக்குதுன்னு சொல்லிடுவேன், இவன் சொல்ல மாட்டானே" என்றார்.

எல்லா நாய்க்கும் இது போதுவதில்லை. பின்னங்கால் அறவே விட்டுப்போனவற்றுக்கு வண்டி செய்து தருபவர் ஒருவரைப் புதுப்பேட்டையில், மோட்டார் உதிரிச் சாமான்கள் குவிந்த சந்து ஒன்றில் பார்த்தேன். அலுமினியக் குழாயை வளைத்து, குழந்தை வண்டியின் சக்கரம் இரண்டைப் பூட்டி, இடுப்பைத் தாங்கக் கெட்டித் துணியில் தொட்டில் தைத்து வைத்திருந்தார். இடுப்பின் அகலம், தரையிலிருந்து வயிற்றின் உயரம், தோளிலிருந்து வால் அடி வரை நீளம், இம்மூன்றையும் நூலால் அளந்து முடிச்சுப் போட்டுக்கொள்கிறார்; அளவு சிறிது பிசகினாலும் பாரம் முதுகில் அழுந்தும், தோல் உரியும் என்றார். மணிக்கும் ஒரு வண்டி வேண்டுமென்றேன். அவர் மணியை இருமுறை நடக்கவிட்டுப் பார்த்து, "இவன் நடக்கிறான் சார். இப்பவே வண்டி கட்டினா இருக்கிற தசையும் போயிடும். பழைய வேட்டியை வயித்துக்கடியில கொடுத்துத் தூக்கிப் பிடிச்சு மாடி ஏத்துங்க, போதும்" என்று சொல்லித் தம் வியாபாரத்தைத் தாமே தள்ளிவிட்டார்.

வீட்டுக்கு வந்து, அவர்கள் சொன்ன பிரகாரம் மணி நடமாடும் வழுவழுப்பான தரைக்குத் தென்னைநார் விரிப்புகளும் ரப்பர் பாய்களும் போட்டேன். தரையைப் பற்றவொட்டாமல் நீண்டு வளைந்திருந்த நகங்களை வெட்டுவித்தேன். ஒரே நீண்ட நடையை மூன்று சிறு நடைகளாகப் பகிர்ந்தேன். ஆகாரத்தை அளந்து போட்டேன். நான்கு மாதத்தில் எடை 34 கிலோவுக்கு இறங்கியது. மணி இளமை பெற்றுவிடவில்லை. மாடிப்படியில் இன்னமும் வேட்டியைப் பிடித்துத்தான் ஏற்றுகிறேன். ஆயினும் எழுந்திருக்கையில் பின்னங்கால்கள் வேலைக்கு வருகின்றன.

வீட்டில் வயோதிக நாய் உள்ளவர்களை ஒன்றே ஒன்று வேண்டிக்கொள்கிறேன். நாளைக் காலை அது உறங்கி எழும் வேளையில், கூப்பிடாமல், தூக்கிவிடாமல், எதிர் மூலையில் குந்தி, அது எழுந்திருக்கும் விதத்தை ஒரு தரம் முழுமையாகப் பாருங்கள். முன்னங்காலால் இழுத்துக்கொண்டு எழுந்தால், அன்றைக்கே வைத்தியரிடம் அழைத்துப் போங்கள்.