தரையில் ஓர் அட்லாண்டிக்!

மான்செஸ்டரில் மகன் வீட்டில் இருந்தபோது, "லிவர்பூல் போயிட்டு வாங்கப்பா. ரயில்ல ஒரு மணி நேரம்தான். பீட்டில்ஸ் ஊர்!" என்றான். எனக்குத் தெரிந்த பீட்டில் எல்லாம் அரிசி மூட்டையில் வருகிற வண்டுதான். இருந்தாலும் ஃபிளாஸ்க்கில் டீயோடு நானும் என் மனைவியும் கிளம்பினோம்.

மழைக்குக்கூட மியூசியம் பக்கம் ஒதுங்காத ஆசாமி நான். அன்று மழைக்குத்தான் ஒதுங்கினேன்! ரம்ஃபோர்டு தெருவில் டெர்பி ஹவுஸ் என்ற கட்டடத்தின் அடித்தளம். தலைக்கு மேல் 7 அடி கனத்துக்குக் கான்கிரீட். இரண்டாம் உலகப் போரில், 1941 பிப்ரவரி முதல், அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போன போர்க்கப்பல்களை இங்கிருந்துதான் நடத்தினார்கள். சுவர் உயரத்துக்குக் கடல் மேப். அதில் கப்பல்களை நகர்த்தப் பெண்கள் ஏணி போட்டு ஏறியிருக்கிறார்கள்.

நாற்பது, ஐம்பது சரக்குக் கப்பல்கள் வரிசை கட்டிப் போகும். சுற்றிலும் நாலைந்து போர்க்கப்பல்கள். இதுதான் கான்வாய். பாட்டியைக் கோயிலுக்கு அழைத்துப் போகிற குடும்பம் மாதிரி, ரொம்ப மெதுவான கப்பல் எதுவோ அதன் வேகம்தான் எல்லோருக்கும். சில கான்வாய்கள் மணிக்கு 13 கிலோமீட்டர்தான். சைக்கிள் வேகம்!

"வேகமாப் போற கப்பல் முன்னாடி போயிடக் கூடாதோ?" என்றாள் மனைவி.

பெரும்பாலும் தனியாகப் போனதைத்தான் ஜெர்மன் நீர்மூழ்கிகள் சுலபமாகத் தின்றன. கூட்டமாகப் போனாலும் ராத்திரியில் எங்கிருந்தோ டார்ப்பிடோ வரும். காவல் கப்பல் நீர்மூழ்கியைத் துரத்துமா, தண்ணீரில் தத்தளிக்கிறவனைத் தூக்குமா? நின்றால் அதுவும் இலக்கு. கையசைத்துக் கூப்பிடுகிறவர்களைத் தாண்டிப் போக வேண்டி வந்த கேப்டன்கள் உண்டு.

இதற்கு வழி கண்டுபிடித்த இடம் இதே கட்டடத்தின் மாடி. 1942 தொடக்கத்தில், காசநோயால் கடற்படையிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட கில்பர்ட் ராபர்ட்ஸைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவருக்குத் தந்த படை, ஸ்கூல் முடித்துச் சில வருஷமே ஆன பெண்கள்! ஆயுதம், சாக்பீஸ். தரை முழுக்கக் கட்டம் போட்டு அதையே கடலாக்கினார்கள். கேப்டன்கள் திரைக்குப் பின்னால் நின்று சின்ன ஓட்டை வழியாக மட்டும் பார்க்கலாம். நீர்மூழ்கியின் பாதை பச்சை சாக்பீஸில். அது அவர்கள் கண்ணுக்குத் தெரியாது.

ஜானி வாக்கர் (பாட்டில் அல்ல, கேப்டன்!) ஓர் உத்தி வைத்திருந்தார். கப்பல் அடிபட்டதும் காவல் கப்பல்கள் வெளிப்பக்கம் பாய்ந்து தேட வேண்டும். பெண்கள் விளையாடிப் பார்த்தார்கள். உதைத்தது. திருடன் வெளியே இல்லை. கான்வாய்க்குள்ளேயே புகுந்து சுட்டுவிட்டு, அடியில் பதுங்கி, பின்பக்கமாக நழுவுகிறான்! அதற்கேற்பத் தேடும் முறையை மாற்றினார்கள். அட்மிரல் மாக்ஸ் ஹார்ட்டன், முதல் உலகப் போரில் நீர்மூழ்கி கேப்டனாகவே இருந்தவர், ஆட்டத்தில் நீர்மூழ்கியாக விளையாடி ஐந்து தடவை தோற்றார். ஜெயித்தவர் ஜானெட் ஓகெல். வயது இருபதை ஒட்டி.

1943 மே மாதத்தில் மட்டும் ஜெர்மனி 41 நீர்மூழ்கிகளை இழந்து, வட அட்லாண்டிக்கிலிருந்து பின்வாங்கியது. ரேடார், விமானம், சங்கேத மொழியை உடைத்தவர்கள் என்று பலருக்கும் அதில் பங்கு. ஆனால் போர் முடிவதற்குள் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் சுமார் 30,000 மாலுமிகள் போய்விட்டார்கள். அதில் ஆயிரக்கணக்கில் இந்தியர்கள்.

மழை விட்டதும் ஆற்றங்கரைக்கு நடந்தோம். பியர் ஹெட்டில் வாக்கரின் சிலை. புது உத்திகளோடு போய், 1944 ஆரம்பத்தில் ஒரே பயணத்தில் அவர் குழு ஆறு நீர்மூழ்கிகளை மூழ்கடித்தது. அதே ஜூலையில், ஓய்வே இல்லாத உழைப்பில் மூளையில் ரத்தம் உறைந்து இறந்தார். வயது 48. முந்தின ஆண்டு அவர் மகன் டிமதி கடலில் போயிருந்தான். நீர்மூழ்கிகளை வேட்டையாடியவரின் பிள்ளை, ஒரு பிரிட்டிஷ் நீர்மூழ்கியில்!

பெஞ்சில் உட்கார்ந்து ஃபிளாஸ்க்கைத் திறந்தோம். அந்த நாளில் இந்த நாட்டில் ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ் டீத்தூள்தான் ரேஷன் என்றேன். அத்தனையும் கப்பலில் வந்தது.

மனைவி டம்ளரில் மிச்சமிருந்ததைப் பார்த்தாள். வழக்கமாக அடி டீயைக் கீழே ஊற்றிவிடுவாள். அன்று குடித்துவிட்டாள்.