ரெண்டு பூட்டு, மூணு கையெழுத்து

எங்கள் கோவில் உண்டியலுக்கு இரண்டு பூட்டுகள். ஒரு சாவி பங்குத்தந்தையிடம் இருக்கும். இன்னொன்று என்னிடம். இரண்டு பேரும் சேர்ந்து நின்றால்தான் பெட்டி திறக்கும். “உள்ளே ரெண்டாயிரம் ரூபாய் இருந்தா அதிகம். அதுக்கு இவ்வளவு கட்டுக்காவலா?” என்று என் கணவரே கிண்டல் செய்வார்.

கொல்லிமலையில் இருக்கும் சின்னக் கத்தோலிக்கக் கோவில் எங்களுடையது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, அதற்கு மேலும் காட்டுப்பாதையில் போக வேண்டும். 1930-ல் உருவான சேலம் மறைமாவட்டத்துக்குள் வருகிறோம். நாற்பது குடும்பங்கள் இருந்தால் அதிகம். பள்ளி ஆசிரியையாக மலைக்கு வந்த நான், ஓய்வு பெற்ற பிறகும் இங்கேயே தங்கிவிட்டேன். கணக்கு டீச்சர் என்பதால் பங்கின் நிதிக்குழுவில் சேர்த்துவிட்டார்கள்.

ஞாயிறு பூசையில் காணிக்கைப் பை சுற்றி வரும்போது விழுவது பெரும்பாலும் பத்து ரூபாய், இருபது ரூபாய்தான். மிளகும் காபியும் விற்ற மாதங்களில் ஐந்நூறு ரூபாய்த் தாளும் விழும். இல்லாத மாதங்களில் பணத்துக்குப் பதில் பொருள் வரும். வாழைத்தார், பலாப்பழம், ஒரு படி சாமை, கால் கட்டிய கோழி. பூசை முடிந்ததும் வாசலில் ஏலம் விடுவோம். ஒரு அன்னாசியை முந்நூறு ரூபாய்க்கு எடுத்தவர், “இதையும் ஏலத்துலயே போடுங்க” என்று திருப்பிக் கொடுப்பார். அதே பழம் மூன்று முறை விலைபோனதும் உண்டு.

ஏலம் முடிந்ததும் எண்ணிக்கை. பங்குத்தந்தை பூசை உடை மாற்றும் அறையில், கதவைத் திறந்து வைத்தபடி, மூன்று பேர் உட்கார்ந்து எண்ணுவோம். ஒருவர் எண்ணியதை அடுத்தவர் மறுபடி எண்ணுவார். நோட்டுகள் தனி, சில்லறை தனி, ஏலப்பணம் தனி. நோட்டுப் புத்தகத்தில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போடுவோம். திங்கட்கிழமை பங்கின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் கட்டிவிட வேண்டும். வழியில் ஒரு செலவு வந்தாலும் அந்தப் பணத்திலிருந்து எடுக்கக் கூடாது. முதலில் வங்கி, பிறகு செலவு. இப்போது இளவட்டங்கள் செல்போனில் ஸ்கேன் செய்து போடுகிறார்கள். அந்தப் பணமும் பங்குக் கணக்குக்குத்தான் போகிறதா என்று மாதம் ஒருமுறை சரிபார்க்கிறோம். தனி ஆள் நம்பரை ஒட்டி வைக்கும் பேச்சே கிடையாது.

பெரிய கோவில்களில் அறநிலையத்துறை அதிகாரிகள் முன்னிலையில் உண்டியல் எண்ணுவதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். கத்தோலிக்கக் கோவில்களில் அப்படி அரசு அதிகாரி வருவதில்லை. அதற்குப் பதில் 1983-ல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம் என்கிறது 537-வது சட்டம். வரவு செலவுப் புத்தகம் ஒழுங்காக வைத்து ஆண்டு முடிவில் கணக்கு முடிக்க வேண்டும் என்கிறது 1284. மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடமே கணக்குச் சொல்ல வேண்டும் என்கிறது 1287.

எல்லாக் காணிக்கையும் ஒரே குடத்தில் ஊற்றுவதல்ல. ஞாயிறு காணிக்கை, மின்கட்டணம், மெழுகுவத்தி, உபதேசியார் சம்பளம் என்று பங்குச் செலவுக்கு. இறந்தவருக்காகப் பூசை வைக்கச் சொல்லிக் கொடுப்பது அந்தப் பூசையை வைக்கும் குருவுக்கு. ஆனால், கொடுக்க வழியில்லை என்பதற்காக எந்த ஏழைக்கும் அருட்சாதனம் மறுக்கப்படக் கூடாது என்பதும் சட்டம்தான். பெரிய வெள்ளியன்று எடுப்பது புனித பூமிக்கு. அக்டோபர் மாதக் கடைசிக்கு முந்தைய ஞாயிறு, மறைபரப்பு ஞாயிறு. அன்று வரும் பணத்தில் ஒரு ரூபாய்கூட நாங்கள் வைத்துக்கொள்ள முடியாது. மறைமாவட்டம் வழியாக ரோமுக்குப் போய், அங்கிருந்து உலகின் ஏழைப் பங்குகளுக்குப் பிரிகிறது.

“நாமளே ஏழைங்க, நாம எதுக்குங்க ரோமுக்கு அனுப்போணும்?” என்று ஒருமுறை ஓர் இளைஞர் கேட்டார். அவருக்கு நான் சொன்னது பவுலின் ஜாரிக்கோ என்ற பிரெஞ்சுப் பெண்ணின் கதை. லியோன் நகரத்துப் பட்டு ஆலைகளில் வேலை செய்த பெண்களிடம், வாரம் ஒரு சிறு காசு கேட்டார். பத்துப் பேருக்கு ஒருவர் வசூலிப்பார். பத்து வசூல்காரர்களுக்கு ஒரு பொறுப்பாளர். இப்படிச் சேர்ந்த காசிலிருந்து 1822-ல் ஒரு சபையே உருவானது. அந்தக் காசு கடல் தாண்டி ஆசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனது. 1926-ல் தொடங்கிய மறைபரப்பு ஞாயிறுக்கு வேர் அதுதான். கூலிக்காரப் பெண்களின் காசில் தொடங்கிய உண்டியலுக்கு, கூலிக்காரப் பெண்கள் இன்றும் போடுகிறார்கள்.

அந்தக் கதையின் பின்பாதியை யாரும் அதிகம் சொல்வதில்லை. தொழிலாளர்கள் நல்லபடி வாழ ஒரு தொழிற்சாலை ஊரை உருவாக்க நினைத்தார் ஜாரிக்கோ. பணத்தைக் கையாள அவர் நம்பியவர்கள் ஏமாற்றிவிட்டார்கள். கடனில் மூழ்கி, வாழ்நாள் முழுக்க அதை அடைக்கப் போராடி, 1862-ல் பரம ஏழையாக இறந்தார். 2022-ல் திருச்சபை அவரை அருளாளராக உயர்த்தியது. எனக்கு அவர் வேறு ஒரு பாடமும் சொல்கிறார். சேர்ப்பதற்கு நல்ல மனசு போதும். காப்பதற்கு அது போதாது. பூட்டும் கையெழுத்தும் வேண்டும்.

இதெல்லாம் பேசும்போது சுலபம். மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்களுக்கு ஒரு சோதனை வந்தது.

மழைக்கு ஒழுகும் கோவில் கூரைக்காக இரண்டு வருஷமாகத் தனியாகப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்சம் கொஞ்சமாக எண்பதாயிரத்தை நெருங்கியிருந்தது. அப்போது எங்கள் ஊரில் மிளகு பறிக்க மரம் ஏறிய ஒருவர் தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம்தான். ஆனால், சேலத்துக்கும் மலைக்குமாக வண்டி வாடகை, கூட இருப்பவருக்குச் சாப்பாடு, மாதக்கணக்கில் கூலி இல்லாத வீடு, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். குறைந்தது பதினைந்தாயிரம் உடனே தேவை.

நிதிக்குழு கூடியது. “கூரைப் பணம் சும்மாதான கெடக்குது. எடுத்துக் குடுத்துட்டு மெதுவா போட்டுக்கலாம்” என்றார் ஒருவர். மறுக்க யாருக்கும் வாய் வரவில்லை. மனுஷன் படுத்துக் கிடக்கும்போது ஓட்டுக்குப் பணம் வைத்திருப்பதா? நான்தான் வேண்டாம் என்றேன். ஒரு குறிப்பிட்ட காரியத்துக்காகக் கொடுத்ததை அதற்கு மட்டுமே செலவிட வேண்டும் என்கிறது 1267-வது சட்டம். “மனசாட்சி இல்லாத சட்டம்ங்க அது” என்றார் அவர். எனக்கும் சுருக்கென்றது. ஆனாலும் இப்படித்தான் யோசித்தேன்: இன்று ஒரு நல்ல காரியத்துக்காகக் கேட்காமல் எடுப்போம். அடுத்த முறை காரியம் இவ்வளவு நல்லதாக இருக்காது. ஆனால் எடுக்கும் பழக்கம் வந்திருக்கும்.

கொடுத்தவர்களிடமே கேட்டுவிடுவது என்று முடிவானது. அந்த ஞாயிறு பூசை முடிவில் பங்குத்தந்தை விஷயத்தை மறைக்காமல் சொல்லி, “நீங்க என்ன சொல்றீங்க?” என்று நிறுத்தினார். சிலர் எடுக்கலாம் என்றார்கள். சிலர் தலை குனிந்துகொண்டார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பாட்டி எழுந்தார். காட்டு வேலைக்குப் போய், மாதம் நூறு ரூபாய் தவறாமல் கூரைக்குக் கொடுத்தவர்.

“நான் ஓட்டுக்குக் குடுத்தது ஓட்டுக்குத்தானுங்க சாமி. அது எம்புருசன் பேருல குடுத்தது. அந்தப் பையனுக்கு வேணும்னா அதுக்குத் தனியாக் கேளுங்க. தாரேன்.”

சொல்லிவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐம்பது ரூபாயை எடுத்தார். காணிக்கைப் பை மறுபடி ஒரு சுற்று வந்தது. எண்ணியபோது 7,430 ரூபாய். மலையடிவாரப் பங்கு ஒன்றின் வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் விஷயம் கேள்விப்பட்டு மீதியைக் கொடுத்தார்கள். அவர்கள் கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் கையில் வந்த தொகையை மட்டும் எழுதி, அந்த வீட்டுப் பெண்ணிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம். அடிபட்டவர் இப்போது கோலூன்றி நடக்கிறார். மரம் ஏற முடியாது. காபிக் களத்தில் வேலை பார்க்கிறார்.

கூரை அடுத்த கோடையில் போட்டோம். அந்தப் பாட்டி சொன்னதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அது கஞ்சத்தனம் அல்ல. தன் நூறு ரூபாய் எங்கே போகும் என்று தெரிந்து கொடுத்தவர் அவர். அந்தத் தெளிவை நாங்கள் காப்பாற்றியதால்தான் அடுத்த காரியத்துக்கும் முடிச்சை அவிழ்த்தார். ஏழைகள் கொடுக்கத் தயங்குவதில்லை. கொடுத்தது காணாமல் போனால்தான் கை மூடிக்கொள்கிறது.

ஆண்டுக் கணக்கைப் பூசை முடிந்ததும் நான் வாசிப்பேன். இன்ன தேதி, இன்ன வரவு, இன்ன செலவு. வெயிலில் பாதிப்பேர் தூங்கி வழிவார்கள். பிள்ளைகள் வெளியே ஓடிவிடும். யாரும் கேட்கவில்லை என்றுதான் தோன்றும். போன முறை நான் பக்கம் புரட்டும் முன்பே பின்னாலிருந்து ஒரு குரல்: “டீச்சரம்மா, எங்க கோழி வித்த காசு வரலீங்களே?”

அது அடுத்த பக்கத்தில் இருந்தது. ‘கோழி ஒன்று, ஏலத்தொகை 650 ரூபாய்’ என்று வாசித்தேன். “சரிங்க” என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.